வாக்குச்சீட்டில் கேட்டிருப்பது என்ன? பொதுவாக்கெடுப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

பாலக்கோட்டில் நான் தினமும் டீ குடிக்கும் கடையில் போன மாதம் ஒரு வாக்குவாதம். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுப்பதில் ஆரம்பித்தது. "எதுக்குண்ணா இவ்வளவு போராட்டம்? பொதுவாக்கெடுப்பு வச்சிட்டா முடிஞ்சுது. ஜனங்க வேணும்னா வேணும், வேணாம்னா வேணாம்" என்றார் தக்காளி மண்டியில் கணக்கு எழுதும் தம்பி. பக்கத்தில் இருந்த பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதான் மண்டபத்துல கூப்பிட்டுக் கேட்டாங்களேப்பா. எல்லாரும் வேணாம்னுதான் சொன்னோம். என்ன ஆச்சு?" என்றார். மூன்றாவதாக ஒருவர், "டிவியில கூட எடுத்தாங்களே, பாதிக்கு மேல வேணும்னு சொல்லியிருக்காங்களாமே" என்றார்.

மூன்று பேரும் மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பேசினார்கள். ஆனால் மூன்றுக்கும் 'பொதுவாக்கெடுப்பு' என்ற ஒரே பெயர் ஓடியது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது முதல் மாநில எல்லைச் சண்டை வரை எதைப் பேசினாலும் இந்தச் சொல் வந்து விழுகிறது. வைத்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று ஒரு பக்கம், வைத்தால் நாடே உடைந்துவிடும் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் அது எப்படி நடக்கிறது என்பதைப் பேசுவதில்லை. அதை அடிப்படையிலிருந்து விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

எதையெல்லாம் இதோடு குழப்பிக்கொள்கிறோம்

பொதுவாக்கெடுப்பு என்பது ஒரு குறிப்பிட்ட கேள்வியை வாக்காளர் பட்டியலில் உள்ள எல்லோரிடமும் நேரடியாக வைத்து, ரகசிய ஓட்டின் மூலம் விடை வாங்குவது. ஆங்கிலத்தில் ரெஃபரெண்டம் என்கிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது தேர்தல், ஒரு விஷயத்தைத் தீர்மானிப்பது பொதுவாக்கெடுப்பு.

தொலைக்காட்சி எடுப்பது கருத்துக் கணிப்பு. சில ஆயிரம் பேரைக் கேட்டு ஊரின் மனநிலையை ஊகிக்கும் வேலை அது. சோறு வெந்துவிட்டதா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பதுபோல. சரியாக எடுத்தால் பயனுள்ளதுதான். ஆனால் உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அதன் முடிவு யாரையும் கட்டுப்படுத்தாது.

பெரியவர் சொன்னது கருத்துக் கேட்புக் கூட்டம். பெரிய ஆலை, சுரங்கம் போன்றவற்றுக்கு அனுமதி தருவதற்கு முன்பு, 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடத்துவது. அங்கே ஓட்டு கிடையாது. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற விதியும் கிடையாது. பேசியதைப் பதிவுசெய்து மேலே அனுப்புவார்கள், முடிவு வேறு இடத்தில் எடுக்கப்படும். ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் சட்டப்படி அது ஆயிரம் கருத்து, ஆயிரம் ஓட்டு ஆகாது. பெரியவரின் ஆதங்கம் நியாயமானது. ஆனால் அவர் கலந்துகொண்டது வாக்கெடுப்பில் இல்லை என்பதை அன்றைக்கே யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் தேர்தல்? அதிலும் மக்கள்தானே முடிவு செய்கிறார்கள்? இதற்கு கோவாவைப் பார்க்கலாம்.

கோவாவில் நடந்தது

போர்ச்சுக்கீசியரிடமிருந்து 1961 டிசம்பரில் விடுபட்ட கோவாவில் 1963-இல் முதல் தேர்தல் நடந்தது. கோவாவை மகாராஷ்டிராவோடு சேர்க்க வேண்டும் என்ற கட்சி வென்று, தயானந்த் பந்தோட்கர் முதல்வரானார். தேர்தலில் வென்றுவிட்டதால் இணைப்புக்கு மக்கள் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று அவர்கள் வாதிட்டார்கள். எதிர்த்தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் நாடாளுமன்றம் இதற்கென்றே 1966-இல் தனிச் சட்டம் இயற்றியது. ஆட்சி அதிகாரம் வாக்கெடுப்பைப் பாதிக்கக் கூடாது என்பதற்காக பந்தோட்கர் அமைச்சரவை முன்கூட்டியே பதவி விலகியது.

1967 ஜனவரி 16 அன்று வாக்குப்பதிவு. வேட்பாளர் பெயர் கிடையாது. மகாராஷ்டிராவோடு சேரலாம் என்பவர்களுக்குப் பூ, தனி யூனியன் பிரதேசமாகவே இருக்கலாம் என்பவர்களுக்கு இரண்டு இலை. (நம்மூர்க் கட்சிச் சின்னத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; அந்தக் கட்சி பிறக்க இன்னும் ஐந்தாண்டு இருந்தது.) இரண்டு இலைக்கு 1,72,191 ஓட்டு, பூவுக்கு 1,38,170. இணைப்பு தோற்றது.

அடுத்து நடந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. அதே ஆண்டு சில வாரங்கள் கழித்து சட்டமன்றத் தேர்தல் வந்தது. இணைப்பைக் கேட்ட அதே கட்சியை அதே மக்கள் மறுபடி ஆட்சியில் உட்காரவைத்தார்கள்.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. நாம் ஒருவருக்கு ஓட்டுப் போடும்போது ரோடு, தண்ணீர், சாதி, சின்னம், அவர் நம் வீட்டுச் சாவுக்கு வந்தாரா என்பது வரை எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிப் போடுகிறோம். பொட்டலத்தை வாங்கியதால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் நமக்குப் பிடித்தது என்று ஆகாது. பொதுவாக்கெடுப்பு பொட்டலத்தைப் பிரித்து ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக் காட்டி, வேண்டுமா என்று கேட்கிறது. அதன் பலம் அதுதான். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது: எந்தப் பொருளை எடுத்துக் காட்டுவது என்று வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். கோவாவின் வாக்குச்சீட்டில் 'தனி மாநிலம்' என்ற மூன்றாவது விடையே இல்லை. அந்த விடை கிடைக்க கோவா மக்கள் 1987 வரை காத்திருந்தார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கருத்துக் கணிப்பு ஊகம், கருத்துக் கேட்பு பதிவு, தேர்தல் பொட்டலம், பொதுவாக்கெடுப்பு ஒற்றைக் கேள்வி.

மாந்தோப்பும் நான்கு பிள்ளைகளும்

அந்த ஒற்றைக் கேள்வியை யார், எப்படி எழுதுகிறார் என்பதில்தான் பாதி முடிவு இருக்கிறது. காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் மாந்தோப்பு, முழுக்கப் பெங்களூரா ரகம். மாங்கூழ் ஆலைக்குப் போகும் காய். விலை விழுந்த வருடம் பறிகூலிகூடத் தேறாது. நான்கு பிள்ளைகள். பெரியண்ணன் விற்றுவிடலாம் என்கிறார். சின்னண்ணன் வியாபாரிக்குக் குத்தகை விடலாம் என்கிறார். அக்கா மரங்களை எடுத்துவிட்டுத் தென்னை வைக்கலாம் என்கிறார். கடைசித் தம்பி மட்டும் தோப்பு இருக்கிறபடியே இருக்கட்டும் என்கிறான்.

இப்போது ஓட்டு. "தோப்பை இருக்கிறபடியே வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் மூன்று பேர் வேண்டாம் என்பார்கள். தம்பி தோற்றான். "சரி, விற்கலாமா?" என்றால் மூன்று பேர் வேண்டாம். "குத்தகைக்கு விடலாமா?" அதற்கும் மூன்று பேர் வேண்டாம். "மரத்தை வெட்டலாமா?" வேண்டாம். நான்கு கேள்வி கேட்டோம், நான்கிலும் 'வேண்டாம்' ஜெயித்தது. தோப்பு என்ன ஆக வேண்டும் என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. முதல் கேள்வியோடு நிறுத்திவிட்டு, "பெரும்பான்மை மாற்றத்தைக் கேட்கிறது, ஆகவே விற்கிறேன்" என்று பெரியண்ணன் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும்?

பிரிட்டனில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா, வெளியேறுவதா என்று கேட்டார்கள். வெளியேற 51.9 சதவீதம், நீடிக்க 48.1 சதவீதம். 'நீடிப்பது' என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், அது அன்றைய நிலைமை. 'வெளியேறுவது' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று நான்கு வெவ்வேறு வீடுகள் இருந்தன. ஒன்றியத்தை விட்டு விலகினாலும் அதன் பொதுச் சந்தைக்குள் இருக்கலாம் என்பவர்கள் இருந்தார்கள், எல்லாவற்றையும் அறுத்துக்கொள்ள வேண்டும் என்பவர்களும் இருந்தார்கள். அயர்லாந்து எல்லையில் சோதனைச்சாவடி வருமா வராதா என்பதைச் சீட்டு கேட்கவே இல்லை. பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019-இல் மூன்று முறை தோற்கடித்தது. முதல் முறை 432-க்கு 202. நாடு வெளியேறியது 2020 ஜனவரி 31 அன்று, ஓட்டுப் போட்டு மூன்றரை வருடம் கழித்து.

இதனால் மக்களுக்கு விவரம் போதாது என்று சிலர் முடிவுகட்டுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கேட்ட கேள்விக்கு மக்கள் விடை சொன்னார்கள். கேட்காத கேள்விக்கு அவர்களிடம் விடை தேடியதுதான் தவறு.

ஒரு சொல் கூடினால்

கேள்வியின் வாசகத்தில் ஒரு சொல்கூடக் கனம் உள்ளது. ஸ்காட்லாந்து தனி நாடாவது பற்றி 2014-இல் வாக்கெடுப்பு நடந்தது. அங்கத்திய அரசு முதலில் எழுதிய கேள்வி இப்படி: "ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்பதை நீங்கள் ஒப்புக்கொள்கிறீர்களா?" அதைப் பரிசோதித்த தேர்தல் ஆணையம், 'ஒப்புக்கொள்கிறீர்களா' என்பது ஆமாம் என்ற பக்கம் ஆளைத் தள்ளுகிறது என்று எடுக்கச் சொன்னது. கடைசியில் சீட்டில் இருந்தது: "ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக இருக்க வேண்டுமா?"

இது நுணுக்கமான வித்தியாசம் என்று தோன்றினால், நம் ஊரில் யாராவது ஒரு மனுவை நீட்டி "இதுக்கு ஒத்துக்கிறீங்கதானே?" என்று கேட்கும்போது எத்தனை பேர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லியிருக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஸ்காட்லாந்தில் 55.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 84.6 சதவீத வாக்குப்பதிவு. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கும் ஓட்டு இருந்தது. அப்பட்டமான ஏமாற்று எப்படி இருக்கும் என்பதற்கு 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபோது அச்சடித்த சீட்டைச் சொல்வார்கள்: 'ஆம்' என்பதற்கு நடுவில் பெரிய வட்டம், 'இல்லை' என்பதற்கு ஓரத்தில் சின்ன வட்டம். 99 சதவீதத்துக்கு மேல் 'ஆம்' என்று அறிவித்தார்கள்.

கேட்கும் உரிமை யார் கையில்?

சுவிட்சர்லாந்தில் அந்த உரிமை மக்களிடமே இருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிடிக்கவில்லையா? நூறு நாளில் 50,000 கையெழுத்து வாங்கினால் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். அரசியலமைப்பையே திருத்த விரும்பினால் பதினெட்டு மாதத்தில் ஒரு லட்சம் கையெழுத்து. இதற்கு மக்கள் முன்முயற்சி என்று பெயர். வருடத்துக்கு நான்கு முறை வரை ஓட்டுப் போடுகிறார்கள். ஓட்டுச்சீட்டோடு வீட்டுக்கு ஒரு சிறு புத்தகமும் வரும். என்ன கேள்வி, நிறைவேறினால் என்ன மாறும், கையெழுத்து வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள், அரசு என்ன சொல்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அடுப்படியில் உட்கார்ந்து படித்துவிட்டுத் தபாலில் ஓட்டை அனுப்பலாம். வாக்கெடுப்பு அவர்களுக்கு ஒரு பழக்கம், நமக்குப் பண்டிகைக்குக் காப்புக் கட்டுவது போல. ஒன்றில் தோற்றாலும் மூன்று மாதத்தில் அடுத்தது வரும்.

ஆட்சியாளர் கையில் மட்டும் அந்த உரிமை இருந்தால் கதை வேறு. பக்கத்தில் இலங்கையைப் பாருங்கள். 1977-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தில் அப்போதைய ஆட்சிக்கு ஆறில் ஐந்து பங்கு இடம் இருந்தது. தேர்தல் வைத்தால் அத்தனை இடம் திரும்பக் கிடைக்காது. அதிபர் ஜெயவர்த்தனா தேர்தலுக்குப் பதிலாக 1982 டிசம்பர் 22 அன்று வாக்கெடுப்பு வைத்தார்: இதே நாடாளுமன்றத்தை இன்னும் ஆறு ஆண்டு நீட்டிக்கலாமா? ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குப் பானை. விளக்கு 54 சதவீதத்துக்குச் சற்று மேல் வாங்கியது. 1989 வரை பொதுத் தேர்தல் கிடையாது. 1983-இன் கொடூரங்கள் நடந்த காலத்தில் அந்த நாட்டு மக்களுக்குத் தங்கள் நாடாளுமன்றத்தை மாற்ற வழி இல்லாமல் போனது. மக்களிடம் கேட்டுவிட்டோம் என்ற பெயரில், மக்களிடம் மறுபடி கேட்பதையே தள்ளிப்போட முடியும் என்பதற்கு இதைவிட வேதனையான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு ஓட்டு?

சுவிட்சர்லாந்தை நாம் புகழ்ந்தோம். அதே சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு ஓட்டுரிமை தரலாமா என்று 1959-இல் வாக்கெடுப்பு வைத்தபோது மூன்றில் இரண்டு பங்கு 'வேண்டாம்' என்று வந்தது. ஓட்டுப் போட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். 1971-இல்தான் அது மாறியது, அப்போதும் முடிவு செய்தது ஆண்கள்தான். பெரும்பான்மை என்ற சொல்லைக் கேட்டதும், யாருடைய பெரும்பான்மை என்று உடனே கேட்கப் பழக வேண்டும்.

நிலம் எடுக்கும் பிரச்சினையில் இதை வைத்துப் பாருங்கள். நிலம் போகும் நாலு கிராமத்துக்கு மட்டும் ஓட்டா, வேலை கிடைக்கும் என்று நம்பும் மொத்தத் தாலுகாவுக்குமா, மாவட்டத்துக்கா? எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப விடை மாறும். டீக்கடைத் தம்பியிடம் இதைத்தான் கேட்டேன். "நிலம் போறவங்க மட்டும்தாண்ணா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா நிலமே இல்லாதவன் வேலைக்கு எங்க போவான்?" என்று அவரே கேட்டார்.

பாதிக்கு மேல் ஒன்று போதுமா?

ஆஸ்திரேலியாவில் அரசியலமைப்பைத் திருத்த வாக்கெடுப்பு கட்டாயம். நாடு முழுவதும் பாதிக்கு மேல் ஓட்டு வர வேண்டும். அதோடு ஆறு மாநிலங்களில் நான்கிலாவது தனித்தனியாகவும் பாதிக்கு மேல் வர வேண்டும். இதற்கு இரட்டைப் பெரும்பான்மை என்று பெயர்.

நம் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சட்டமன்றத் தொகுதி ஆறு: ஊத்தங்கரை, பர்கூர், கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி, ஓசூர், தளி. மாவட்டத் தலைமையகத்தை ஓசூருக்கு மாற்றலாமா என்று ஒரு வாக்கெடுப்பு வருவதாகச் சும்மா வைத்துக்கொள்வோம். ஓசூரும் பக்கத்துத் தளியும் வேப்பனஹள்ளியும் அள்ளிக் கொடுக்க, மொத்தக் கணக்கில் 'மாற்றலாம்' ஜெயித்துவிடுகிறது. ஊத்தங்கரையிலிருந்து ஒரு சான்றிதழுக்காகப் பேருந்து ஏறுகிறவர் நிலைமை என்ன? இரட்டைப் பெரும்பான்மை இருந்தால் மூன்று தொகுதி போதாது, நான்காவது ஒன்றையும் சம்மதிக்கவைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1977-இல் ஒரு திருத்தத்துக்கு 62 சதவீத ஆதரவு இருந்தும் மூன்று மாநிலம்தான் சேர்ந்தது என்பதால் தோற்றது. இதுவரை அங்கே 45 திருத்தங்கள் ஓட்டுக்கு வந்து எட்டுதான் ஜெயித்திருக்கின்றன. பழங்குடி மக்களுக்கு நாடாளுமன்றத்தில் குரல் தரும் அமைப்பு பற்றிய 2023 அக்டோபர் வாக்கெடுப்பும் தோற்றது.

இன்னொரு தடுப்பு குறைவெண் வரம்பு. கிராம சபைக்குப் போகிறவர்களுக்குப் பழக்கமான சொல். குறைந்தபட்சம் இத்தனை பேராவது கலந்துகொண்டால்தான் செல்லும் என்ற விதி. நல்ல விதிதான், ஆனால் ஒரு ஓட்டை உண்டு: எதிர்ப்பவர்கள் வந்து 'இல்லை' என்று போடுவதைவிட வீட்டில் இருந்துவிடுவதே லாபம். ஹங்கேரியில் 2016-இல் அகதிகளை ஏற்பது பற்றி அரசு வைத்த வாக்கெடுப்பில் செல்லுபடியான ஓட்டுகளில் 98 சதவீதம் அரசின் பக்கம். ஆனாலும் தேவையான 50 சதவீதம் பேர் வராததால் அது செல்லாமல் போனது.

எண்ணி முடித்த பிறகு

முடிவை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்றால் அது கட்டுப்படுத்தும் வாக்கெடுப்பு. கேட்டுக்கொள்கிறோம், முடிவு எங்களுடையது என்றால் ஆலோசனை வாக்கெடுப்பு. பலருக்கு வியப்பாக இருக்கும்: பிரிட்டனில் 2016-இல் நடந்தது சட்டப்படி ஆலோசனைதான். வெளியேறும் நடைமுறையைத் தொடங்க நாடாளுமன்றத்தின் சட்டம் தேவை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அரசியல் கணக்கில் மட்டும் அதை யாராலும் மீற முடியவில்லை.

கிரீஸில் நேர்மாறு. 2015 ஜூலை 5 அன்று, கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று கேட்டார்கள். அறிவித்த எட்டே நாளில் ஓட்டு. 61 சதவீதம் கூடாது என்றது. சில நாட்களில் அதே அரசு கடினமான நிபந்தனைகளை ஏற்றுக் கையெழுத்திட்டது.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் அயர்லாந்தைச் சொல்வேன். கருக்கலைப்புத் தடை போன்ற, குடும்பத்துக்குள்ளேயே பேச முடியாத விஷயம். முதலில் குலுக்கல் முறையில் எடுத்த 99 சாதாரண மனிதர்களை வாரக்கடைசிகளில் உட்காரவைத்து மருத்துவர், வழக்கறிஞர், இரண்டு தரப்பு ஆட்கள் என்று எல்லோரையும் கேட்கச் செய்தார்கள். அவர்கள் பரிந்துரைத்தார்கள், நாடாளுமன்றம் விவாதித்தது, தடை போனால் என்ன சட்டம் வரும் என்ற வரைவும் முன்கூட்டியே வெளிவந்தது. அதற்குப் பிறகுதான் 2018 மே 25 அன்று ஓட்டு. 66.4 சதவீதம் தடையை நீக்கச் சொன்னது. தோற்றவர்களும் என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தே தோற்றார்கள்.

மறுபடி சுருக்கமாக: கேள்வியின் வாசகம், கேட்பவர், ஓட்டுப் போடுபவர், வரம்பு, முடிவின் சட்டபலம். ஓட்டுப்பெட்டி வருவதற்கு முன்பே இவையெல்லாம் தீர்மானிக்கப்பட்டிருக்கும். முடிவு வந்த பிறகு இவற்றைப் பற்றிச் சண்டை போடுவது காய் பறித்த பிறகு பூச்சிமருந்து அடிப்பது போலத்தான்.

நம் நாட்டில் இதற்கு இடம் உண்டா?

இந்திய அரசியலமைப்பில் பொதுவாக்கெடுப்புக்கான பிரிவு இல்லை. சட்டம் இயற்றுவதும் திருத்துவதும் நாடாளுமன்றத்தின் வேலை. மாநில எல்லையை மாற்றுவதற்குக்கூட மூன்றாம் பிரிவின்படி சம்பந்தப்பட்ட சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அந்தக் கருத்தை ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் போனால் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்கும். 1956-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது அந்த மக்களிடம் யாரும் ஓட்டுக் கேட்கவில்லை. ஆணையம் மனுக்களை வாங்கியது, நாடாளுமன்றம் முடிவு செய்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் மைசூருக்குப் போனதும் அப்படித்தான். 2004-இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது மாநில அரசின் முடிவு.

ஆனாலும் சில தனித்த சந்தர்ப்பங்களில் நடந்திருக்கிறது. ஜூனாகத்தில் 1948-இல், சிக்கிமில் 1975-இல். சிக்கிமில் மன்னராட்சியை ஒழிப்பது, இந்தியாவின் ஓர் அங்கமாவது என்ற இரண்டு விஷயங்களையும் ஒரே கேள்வியாகக் கட்டி, சட்டமன்றம் தீர்மானம் போட்ட நான்காம் நாளே ஓட்டு வைத்தார்கள். ஆதரவு 59,637, எதிர்ப்பு 1,496. மன்னர் வேண்டாம், ஆனால் தனியாக இருப்போம் என்று நினைத்த ஒருவருக்கு அந்தச் சீட்டில் இடமில்லை. நமக்கு நெருக்கமான புதுச்சேரியையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் நடந்ததில் ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர், மக்கள் பிரதிநிதிகள். 170 பேர் இந்தியாவோடு இணைய ஆதரவு. அதைப் பொதுவாக்கெடுப்பு என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நாம் மேலே சொன்ன பொருளில் அது பொதுவாக்கெடுப்பு ஆகாது, பிரதிநிதிகளின் வாக்கெடுப்பு.

சின்ன அளவில் இன்றைக்கும் இரண்டு வழி இருக்கிறது. மகாராஷ்டிராவில் கிராமத்தில் சாராயக்கடை வேண்டாம் என்று பெண் வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்திட்டால் ரகசிய வாக்கெடுப்பு வைக்கலாம். சீட்டில் இரண்டு பாட்டில் படம்: நிற்கும் பாட்டில் என்றால் கடை இருக்கட்டும், படுத்த பாட்டில் என்றால் மூடு. வந்தவர்களில் பாதி போதாது, பட்டியலில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலில் குத்த வேண்டும். எழுத்தே தெரியாத ஒரு பாட்டிக்கும் புரியும் கேள்வி, மூடினால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமே இல்லாத முடிவு. நான் படித்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வாக்குச்சீட்டு இதுதான்.

இரண்டாவது, கிராம சபை. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்ஸைட் வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக இருக்க, பன்னிரண்டு கிராமங்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கம் வரவில்லை.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர். ரகசிய ஓட்டு இல்லை, எல்லாத் தீர்மானத்துக்கும் ஒரே சட்டபலம் இல்லை என்பதால் இது பொதுவாக்கெடுப்பு ஆகாது. ஆனால் கேள்வியை யார் எழுதுகிறார் என்பதை நேரில் பார்க்க வேண்டுமானால் இதைவிடப் பக்கத்தில் வேறு இடம் கிடையாது.

போன அக்டோபர் 2-ஆம் தேதி பக்கத்து ஊராட்சி ஒன்றில் நானும் போய் உட்கார்ந்திருந்தேன். பேச்செல்லாம் முடிந்து தீர்மான நோட்டு கையெழுத்துக்குச் சுற்றி வந்தது. வரிசையாகப் பலர் போட்டுவிட்டார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அக்கா பேனாவை வாங்காமல், "மேல என்னா எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டுங்க, அப்புறம் போடறேன்" என்றார். கையெழுத்துக்கு மேலே பக்கம் பாதி வெறுமையாகத்தான் இருந்தது. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். அவர் விடவில்லை. அங்கேயே உட்கார்ந்து எழுதிப் படித்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள மதுக்கடையை 'மாற்ற' வேண்டும் என்று இருந்தது.

"மாத்தறதா? மூடணும்னுதானே இவ்வளவு நேரம் பேசினோம். மாத்தினா எங்க தெருவுக்குத்தான் வரும்."

'மாற்ற' என்பதை அடித்து 'மூட' என்று எழுதி, அடித்த இடத்தில் சுருக்கொப்பமும் போட்ட பிறகுதான் அந்த அக்கா பேனாவை வாங்கினார்.